வியர்வை உரைத்த உண்மை

மக்களுடம்பினின்று வெளிப்படும் நீர்மங்களுள் கண்ணீருக்குக் காவியங்களில் இடமுண்டு. குருதிக்கு வீரர் வரலாறுகளில் இடமுண்டு. வியர்வைக்கோ, உழைப்பாளியைப் புகழுமிடத்தில் ஒரு சொல் கிடைப்பதன்றி வேறு சிறப்பில்லை. துடைத்தெறிதற்குரிய பொருளென்றே அதனை நாம் எண்ணியிருக்கிறோம். எனினும், மருத்துவ உலகத்தை நெடுங்காலம் மயக்கிநின்ற ஒரு கொடிய நோயின் மூலத்தைக் காட்டிக்கொடுத்தது அவ்வியர்வையேயாகும். அதனை அவ்வாறு பேசச் செய்தவர் பால் குவின்டன் என்னும் அமெரிக்க உயிர்நூலறிஞர். அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்த அந்நோய் பிறவிமுதல் அவருடம்பிலேயே குடிகொண்டிருந்தது. அவ்வறிஞரின் ஆராய்ச்சி வரலாற்றையும், அதனின்று மாணவராகிய நாம் கற்கத்தக்கதனையும் ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இலக்கியம் பயில்வோனுக்கு உடலாராய்ச்சியில் என்ன அலுவல் என்று சிலர் வினவக்கூடும். திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். மருத்துவன் நோய் இன்னதெனத் தெளிந்து, பின்னர் அது தோன்றிய காரணத்தைத் தேடி, அதன் பின்னரே அதனைத் தணிக்கும் வழியில் இறங்குதல் வேண்டுமென்னும் முறையினை அவர் அங்கே அமைத்திருப்பதை நாமறிவோம். இம் மூன்று படிகளுள் முதலாவதும் மூன்றாவதும் எல்லார் கண்ணுக்கும் புலப்படுவன. நோயைக் கண்டறிந்தவர்க்குப் பெயருண்டு. மருந்தைக் கண்டறிந்தவர்க்குப் புகழுண்டு. இடையிலுள்ள படியோ இருள் சூழ்ந்தது. அங்கே நிற்பவன் நோயாளிக்கு உடனே ஒன்றும் கொடுக்கமாட்டான். உலகமும் அவனைப் பெரிதும் அறியாது. அவனின்றியோ மூன்றாம் படியில் கால்வைத்தல் இயலாது. குவின்டன் நின்றது அவ்விடைப்படியிலே என்பதனை நினைவிற்கொண்டு மேற்செல்வோமாக.

நோயின் இயல்பு

சிஸ்டிக் பைப்ரோசிஸ் என வழங்கும் இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றுவதன்று. பெற்றோர்வழிப் பிள்ளைகளுக்கு வருவது. தந்தையும் தாயும் நோயின் வித்து ஒவ்வொன்றைத் தம்முள் மறைவாகச் சுமந்திருப்பர். ஒரு வித்து மட்டும் உடையார்க்கு அதனால் நோய் வருவதில்லை. தாம் அதனைச் சுமப்பதையும் அவர் அறியார். இருவர் வித்தும் ஒரு பிள்ளையினிடத்தே வந்து கூடினால்தான் நோய் வெளிப்படும். இத்தகைய பெற்றோர்க்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. வட ஐரோப்பிய மரபினருள் ஏறக்குறைய 25 பேரில் ஒருவர் இவ்வித்தைச் சுமக்கின்றனர். பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 2,500-க்கு ஒன்று நோயுடன் பிறக்கின்றது. இந்தியாவில் இந்நோய் இல்லையென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்துப் பிழையானதென்பதும், நம் நாட்டுப் பிள்ளைகளிடத்தும் அஃது உண்டென்பதும் பின்னர் வெளியாயின.

நோயின் குறிகள் ஒன்றோடொன்று தொடர்பற்றனபோல் தோன்றும். நுரையீரலின் மூச்சுக்குழல்களிற் பசைபோன்ற கோழை சேர்ந்து, வெளியேறாமல் தங்கி, கிருமிகளுக்கு உறைவிடமாகும். இருமலும் காய்ச்சலும் மாறிமாறி வந்து நாளடைவில் நுரையீரலைச் சிதைக்கும். வயிற்றிலுள்ள கணையத்தின் குழல்களும் அவ்வாறே அடைபட, உணவைச் செரிக்கச்செய்யும் நீர் குடலை அடையாது. குழந்தை எவ்வளவு உண்ணினும் உடல் தேறாது. இவ்விரண்டோடு, அக்குழந்தையின் வியர்வை வழக்கத்திற்கு மீறி உப்புக் கரிக்கும். நெற்றியில் முத்தமிட்டால் உப்புச் சுவை தரும் குழந்தை நெடுநாள் வாழாதென்று ஐரோப்பிய நாட்டுப்புறத்தார் பண்டே அஞ்சிவந்தனர். தாய்மார் தம் உதட்டால் அறிந்த அவ்வுண்மையை மருத்துவநூல் கற்றார் அறிந்துகொள்ளப் பல நூற்றாண்டுகள் சென்றன.

பெயர் பெற்ற வரலாறு

இந்நோயைத் தனிநோயென முதன்முதல் விரிவாக விளக்கியவர் நியூயார்க்கு நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையொன்றிற் பணியாற்றிய டாரதி ஆண்டர்சன் அம்மையார். பெண்ணென்னும் காரணத்தால் மேற்பயிற்சிக்கு இடம் மறுக்கப்பட்டு, பிணக்கூறு ஆராயும் துறைக்கு வந்தவர் அவர். உணவு செரியாமல் மெலிந்து இறந்த குழந்தைகள் பலரை அக்காலத்து மருத்துவர் வேறொரு குடல்நோயால் இறந்தாரெனக் குறித்துவைத்தனர். அம்மையார் அவ்வுடல்களின் கணையத்தை ஆராய்ந்து, அங்கே சிறு பைகளும் நார்த்தழும்புகளும் மண்டியிருத்தலைக் கண்டார். 49 குழந்தைகளின் வரலாறுகளைத் திரட்டி 1938-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையே இந்நோய்க்குப் பெயரும் உருவமும் தந்தது. முதற்படி இவ்வாறு அமைந்தது.

பத்தாண்டு கழித்து, 1948-ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க்கு நகரத்தைக் கடும் வெப்பம் வாட்டிற்று. வெப்பந்தாங்காது சோர்ந்து மருத்துவமனைக்குக் கொணரப்பட்ட குழந்தைகளுள் இந்நோயுடையார் வியக்கத்தக்க அளவில் மிகுந்திருந்தனர். கெஸ்லர் என்பாரும் ஆண்டர்சன் அம்மையாரும் 1951-இல் இதனை எடுத்துரைத்தனர். அம்மருத்துவமனையிற் பணியாற்றிய டி சாந்த் ஆக்னேசே என்பாரும் அவருடைய துணைவரும் இதன் காரணத்தை ஆராய்ந்து, இக்குழந்தைகளின் வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறுகின்றதென 1953-இல் நிறுவினர். 1959-இல் கிப்சன், குக் என்னும் இருவர், மெல்லிய மின்னோட்டத்தின் துணையால் ஒரு மருந்தைத் தோலினுட் செலுத்தி, சிறிதிடத்தில் வியர்வை உண்டாக்கி, அதனைத் திரட்டி அளக்கும் எளிய முறையை வகுத்தனர். ஒரு லிட்டர் வியர்வையிற் குளோரைடு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் இருப்பின் இந்நோயெனக் கொள்வது இன்றும் உள்ள வழக்கு. 30-க்குக் கீழிருப்பின் பெரும்பாலும் நோயில்லையெனத் துணியலாம்.

இங்ஙனம் வியர்வை நோயைக் கண்டறியும் கருவியாயிற்று. ஆனால் அது கருவியாகவே நின்றுவிட்டது. உப்பு ஏன் மிகுகின்றது, உப்பு மிகுந்த வியர்வைக்கும் கோழை கட்டிய நுரையீரலுக்கும் உள்ள உறவு யாது என்னும் வினாக்களுக்கு விடையில்லை. இறப்பது நுரையீரற் கேட்டினால். ஆதலின் ஆராய்ச்சியாளருட் பலருடைய நோக்கம் அவ்வழியே சென்றமையிற் புதுமையில்லை.

ஆராய்ச்சியாளர்

பால் குவின்டன் டெக்சாஸ் மாகாணத்தில் வளர்ந்தவர். இளமைமுதல் ஓயாத இருமல் அவரைத் தொடர்ந்து வந்தது. அது மூச்சுக்குழல் அழற்சியென்றே கூறப்பட்டது. கல்லூரியிற் பயிலும் நாளில் நூல்களைப் புரட்டித் தம் நோயின் குறிகளை ஆராய்ந்தபோது, அவை சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்னும் நோய்க்குப் பொருந்துதலை அவர் கண்டார். பின்னர் நடந்த வியர்வைச் சோதனை அதனை உறுதிப்படுத்தியது. அந்நாளில் இந்நோயுடையாருட் பெரும்பாலோர் இளமைப் பருவத்தைக் கடப்பதில்லை. தம்மையொத்த வயதினரெல்லாம் எதிர்காலத்தைப் பற்றிக் கனவு காணும் பருவத்தில், எதிர்காலமென்பதே இல்லையென்று அச்சிட்ட எழுத்திற் படித்தறிதல் எத்தகையதென நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அவ்வறிவு அவரை முடக்கவில்லை. உயிர்நூற் பயிற்சியில் ஈடுபட்டு, ஹூஸ்டன் நகரத்து ரைஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு கிளையிற் பேராசிரியராயிருந்து, பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ கிளையில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். உயிரணுக்களாலாகிய மெல்லிய சுவர்களினூடே உப்பும் நீரும் எங்ஙனம் கடக்கின்றன என்பதே அவருடைய தனித்துறை. அத்துறையில் அவர் தேர்ந்தெடுத்த இடம் வியர்வைச் சுரப்பி.

எதனால் வியர்வைச் சுரப்பி?

இத்தேர்வே அவருடைய ஆராய்ச்சியின் உயிர்நாடியென்பது என் கருத்து. ஆதலின் இதனைச் சற்று விரித்துரைப்பேன்.

ஒரு குற்றத்தை விசாரிக்கும் நடுவர் எத்தகைய சாட்சியை நாடுவார்? கலகத்தில் அடியுண்டு, நினைவு தடுமாறி, நடந்தது எது பின்னர்க் கேட்டது எது என்று பிரித்துணரமாட்டாத ஒருவனையா? அன்றி, அவ்விடத்திலேயே இருந்தும் காயமின்றித் தெளிந்த அறிவோடு நிற்கும் ஒருவனையா? நோயுற்ற நுரையீரல் முதல்வகைச் சாட்சி. அங்கே கோழையுண்டு, கிருமியுண்டு, சீழுண்டு, தழும்புண்டு. இவற்றுள் எது காரணம், எது காரியமென்று பிரித்தல் அரிதினும் அரிது. கணையமோ பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே அழிந்துபோகின்றது. இறந்த சாட்சி பேசுவதெங்ஙனம்? வியர்வைச் சுரப்பியோ இவ்விரண்டினும் வேறானது. அதனைக் கிருமி தாக்குவதில்லை, கோழை அடைப்பதில்லை, உருப்பெருக்கியில் வைத்து நோக்கினும் அது நலமுடையார் சுரப்பியைப் போன்றே காணப்படும். ஆயினும் பிறந்தநாள் தொட்டு அது தன் தொழிலிற் பிழைசெய்கின்றது. உருவங் கெடாமல் தொழில் மட்டும் கெட்டமையின், அங்கே காணப்படும் பிழை நோயின் மூலப்பிழையாகவே இருத்தல் வேண்டும். உயிரைக் கொல்லாத இடத்தில் நோயைத் தேடுதல் வீண்வேலையெனத் தோன்றலாம். உண்மையில், நோய் தன் அடிச்சுவட்டைக் கலைக்காமல் விட்டுச்சென்ற இடம் அஃதொன்றே.

இனி அச்சுரப்பியின் அமைப்பைக் காண்போம். நம் தோலில் 20 முதல் 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றும் அடியிற் சுருண்டு மேலே நீண்டுவரும் மெல்லிய குழல். அடிச்சுருளிலே பிறக்கும் நீர் குருதி நீரையொத்த உப்புடையது. அஃது அவ்வாறே வெளிவருமாயின் கோடை நாளில் உடம்பின் உப்பெல்லாம் விரைவில் தீர்ந்துபோம். ஆதலின் மேற்செல்லும் நாளம், தன்வழிப் போகும் நீரினின்று உப்பைத் திரும்ப எடுத்து உடம்பிற்கே சேர்த்துவிடுகின்றது. நன்செய்க்குப் பாய்ச்சிய நீரின் மிச்சத்தை வாய்க்கால்வழித் திரும்பக் குளத்திற்கே கொண்டுசேர்க்கும் நல்ல குடியானவனை அது போலும். இந்நோயில் அடிச்சுருள் வியர்வையைச் சுரக்கின்றது. நாளமோ உப்பைத் திரும்ப எடுக்கமாட்டாது நிற்கின்றது. ஏன் மாட்டாது என்பதே வினா.

இரு காளைகள்

உப்பாவது சோடியம், குளோரைடு என்னும் இரண்டன் சேர்க்கை. நீரிற் கரைந்தபின் அவை பிரிந்து, சோடியம் நேர்மின்னும் குளோரைடு எதிர்மின்னும் தாங்கிய அயனிகளாய் உலவும். பிரிந்தனவாயினும் ஒன்றைவிட்டு மற்றொன்று நெடுந்தொலை செல்லமாட்டாது. நேர்மின் ஒருபுறமும் எதிர்மின் மறுபுறமும் குவிந்தால் அவற்றிடையே ஈர்ப்பு மிகுந்து, முன்சென்றதைப் பின்னுக்கிழுக்கும். ஆகவே இவை ஒரே நுகத்திற் பூட்டிய இரு காளைகளை ஒக்கும்.

வண்டி நின்றுவிட்டது, எந்தக் காளை நொண்டி? இரண்டும் நிற்றலின் கண்ணாற் காண்பது பயன்படாது. வியர்வையில் சோடியமும் குளோரைடும் ஒருங்கே மிகுந்திருத்தலின், இரசாயன அளவையாலும் இதனைத் தீர்க்க இயலவில்லை. ஆயினும் ஒரு வழியுண்டு. நுகத்தின் இறுக்கத்தை அளந்தாற் போதும். சோடியமாகிய காளை வலியிழந்ததாயின் இழுப்பே இராது; நுகம் தளர்ந்திருக்கும். சோடியம் நலமாயிருந்து குளோரைடு நகரமாட்டாதாயின், ஒன்று இழுக்க மற்றொன்று நிற்க, நுகம் முறியுமளவு இறுகும். நாளத்தின் உட்புறத்திற்கும் வெளிப்புறத்திற்கும் இடையே நிலவும் மின்னழுத்தமே அவ்விறுக்கமாகும்.

இதனை அளத்தல் எளிதன்று. தோலின் சிறு துணுக்கை வெட்டியெடுத்து, உருப்பெருக்கியின் கீழே வைத்து, தலைமயிர்போல் மெலிந்த அந்நாளத்தைச் சிதையாமற் பிரித்தெடுத்து, அதனினும் மெல்லிய கண்ணாடிக் குழலை அதன் வாயிற் பொருத்தி, அளவறிந்த உப்புநீரை உள்ளே செலுத்தி, மின்னழுத்தத்தைக் குறித்தல் வேண்டும். சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பொருளின்மேல் நாட்கணக்கில் கண்ணும் கையும் நடுங்காமற் செய்யவேண்டிய வேலை இது. நோயுடையார் சுரப்பிகளும் இதற்கு வேண்டும். குவின்டன் தம் தோலினின்றே துணுக்குகளை எடுக்கச்செய்து அவற்றின்மேல் ஆராய்ச்சி நடத்தினார்.

விடை ஐயத்திற்கிடமின்றி வந்தது. நோயுடையார் நாளத்தின் மின்னழுத்தம் நலமுடையார் நாளத்தினுடையதைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. சோடியம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது, குளோரைடு நகரவில்லை. நாளத்தின் சுவரிலே குளோரைடு செல்லும் வழி அடைபட்டிருந்தது. 1983-ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் ஆங்கில அறிவியல் இதழில், சிஸ்டிக் பைப்ரோசிஸில் குளோரைடு ஊடுருவாமை என்னும் பொருள்பட்ட தலைப்போடு, இரண்டே பக்கங்களில் இம்முடிபு வெளியாயிற்று. பிஜ்மன் என்பாருடன் சேர்ந்து அவர் எழுதிய மற்றொரு கட்டுரையும் அவ்வாண்டே வெளிவந்து இதற்கு அரண்செய்தது.

இம்முடிபின் வன்மையை அறிதற்கு அக்காலத்திற் பிறர் கொண்டிருந்த கருத்துக்களையும் நோக்குதல் வேண்டும். நோயாளரின் குருதியிலோ உமிழ்நீரிலோ ஒருவகை நச்சுப்பொருள் உலவி, அதுவே உறுப்புக்களைக் கெடுக்கின்றதெனப் பலர் தேடிவந்தனர். குவின்டன் அளந்த நாளங்களோ உடம்பினின்று பிரிக்கப்பட்டு, தூய உப்புநீரிற் கிடந்தவை. அங்கேயும் பிழை மாறாதிருந்தமையின், அது குருதியினின்று வந்ததன்று, அவ்வுயிரணுக்களுக்கே உரியது என்பது தெளிவாயிற்று. இனி, நோல்ஸ், கட்சி, பவுச்சர் என்னும் மூவர் 1981-இல், நோயாளரின் மூக்கின் உட்புறச் சவ்விலும் மின்னழுத்தம் மிகுந்திருத்தலைக் கண்டு வெளியிட்டிருந்தனர். அவர் அதனைச் சோடியம் அளவுக்கு மீறி உறிஞ்சப்படுதலின் அடையாளமெனக் கொண்டனர். மூச்சுப்பாதையைப் பொறுத்த அளவில் அவ்வுரை பொருந்துவதே. வியர்வையிலோ சோடியம் உறிஞ்சப்படாமல் வெளியே வழிகின்றது. அவ்வாறிருந்தும் அழுத்தம் மிகுந்தது. சோடியத்தின் மிகுதி என்னும் உரை அங்கே செல்லாது. குளோரைடின் தடை என்பதொன்றே செல்லும். காயமில்லாச் சாட்சியின் சிறப்பு இங்கே விளங்குகின்றது.

மற்றோர் ஐயமும் இதனால் நீங்கிற்று. வியர்வையில் உப்பு மிகுதல், நுரையீரலிற் கோழை இறுகுதல் என்னும் இரண்டும் ஒரு காரணத்தினின்று எங்ஙனம் பிறக்கும்? வாயில் ஒன்றே, அதன்வழி நடக்கும் போக்குவரத்தின் திசையே வேறு. வியர்வை நாளத்தில் குளோரைடு அவ்வாயில் வழியே உடம்பினுட் புகவேண்டும். மூச்சுக்குழலிலும் கணையக் குழலிலும் அதன்வழி வெளியே வந்து, நீரையும் உடனழைத்து வந்து, கோழையை இளக்குதல் வேண்டும். வாயில் சாத்தப்பட்டால், அங்கே உள்ளே வரவேண்டிய உப்பு வெளியே நின்றுவிடுகின்றது. இங்கே வெளியே வரவேண்டிய நீர் வாராமல் கோழை இறுகுகின்றது. பல உறுப்புக்களிற் பலவாறு தோன்றும் கேடு ஒரு தடையின் காரியமாதல் கூடுமென அவர் அக்கட்டுரையிலேயே சுட்டியிருந்தார்.

காரணத்தின் பின் மருந்து

1989-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், டொரான்டோ நகரத்து லாப்-சீ சூயி, ஜான் ரியார்டன் என்பாரும், மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பிரான்சிஸ் காலின்ஸ் என்பாரும், அவர்தம் துணைவரும், நோயின் வித்தாகிய மரபணுவை ஏழாம் குரோமோசோமிற் கண்டுபிடித்து வெளியிட்டனர். அது 1,480 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதத்தை உண்டாக்குவது. நோயாளருட் பெரும்பாலோரிடம் அக்கோவையின் 508-ஆம் இடத்திலுள்ள ஒரே ஒரு மணி உதிர்ந்துபோயிருந்தது. அப்புரதமே குளோரைடு செல்லும் வாயில் என்பது அடுத்த சில ஆண்டுகளில் நிறுவப்பட்டது. 1990-இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுவினர் பழுதற்ற மரபணுவை நோயுற்ற உயிரணுக்களிற் புகுத்தினர். பழுது நீங்கியதா என்பதை எதனாற் கண்டனர்? குளோரைடு கடக்கின்றதா என்று பார்த்தே கண்டனர். எதனைச் சோதிக்கவேண்டுமென்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்னரே வியர்வை நாளம் சொல்லிவைத்திருந்தது.

மூன்றாம் படியாகிய மருந்து பின்னர் வந்தது. புரதம் தன்னிடத்திலிருந்தும் திறவாமல் நிற்கும் ஒருவகைப் பிழையுடையார்க்கு, அதனைத் திறந்துவைக்கும் ஐவாகாப்டர் என்னும் மருந்து 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது நோயாளருட் சிறு தொகையினர்க்கே உரியது. 508-ஆம் இடத்துப் பிழையுடையார்க்குப் பயன்படும் மூன்று மருந்துகளின் கூட்டு 2019-ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. இம்மருந்துகளைச் சோதித்தபோது மருத்துவர், மூச்சு எவ்வளவு பெருகிற்றென்று அளந்ததோடு, வியர்வையின் உப்பு எவ்வளவு குறைந்ததென்றும் அளந்தனர். உப்பு வெகுவாகக் குறைந்தது. நோயைக் காட்டிய பொருளே மருந்தின் வெற்றிக்கும் சான்றாயிற்று.

எனினும் எல்லாம் நிறைவேறிற்றென்று மகிழ்தற்கில்லை. புரதமே உண்டாகாத பிழையுடையார்க்கு இம்மருந்துகள் பயன்படா. இல்லாத கதவைத் திறத்தல் யாரால் இயலும்? முன்னரே தழும்பேறிய நுரையீரலை அவை புதியதாக்கா. அவற்றின் விலையோ மிகப் பெரிது; ஆதலின் பல நாடுகளில் நோயாளர் கைக்கு அவை எட்டுவதில்லை. வெப்பம் மிகுந்த நாடுகளில் இந்நோயுடைய குழந்தை வியர்வைவழி உப்பையிழந்து கோடையிற் சோர்ந்துவிழும் ஆபத்தும் உண்டு. ஆண்டர்சன் அம்மையார் காலத்து நியூயார்க்குக் கோடை காட்டிய பாடத்தை நம்நாட்டு மருத்துவர் மறத்தலாகாது.

மறக்கப்பட்ட அயனி

குவின்டன் 1983-இன் வெற்றியோடு நின்றுவிடவில்லை. நீர் குறைவதொன்றே கோழை இறுகுதற்குப் போதிய காரணமாகுமா என்னும் ஐயம் அவர் ஆராய்ச்சியை மேலும் செலுத்திற்று. குளோரைடு செல்லும் அவ்வாயில் வழியே பைகார்பனேட் என்னும் மற்றோர் அயனியும் செல்கின்றது. ஆராய்ச்சியாளர் அதனைப் புறக்கணித்துவிட்டனரென 2001-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரைக்குப் புறக்கணிக்கப்பட்ட அயனி என்னும் பொருள்படவே அவர் பெயரிட்டார். கோழையின் மூலப்பொருள் உயிரணுக்களினுள்ளே கால்சியத்தாற் கட்டுண்டு மிக நெருக்கமாக மடிக்கப்பட்டிருக்கும். அது வெளிவரும்போது பைகார்பனேட் அக்கால்சியத்தைப் பற்றி விலக்க, மடிப்பு அவிழ்ந்து, நீரை ஏற்று, நெகிழ்ந்து விரியும். பைகார்பனேட் வாராதாயின் கட்டவிழாத மூட்டைபோல் அது இறுகியே கிடக்கும். இக்கருத்தை 2008-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். மறு ஆண்டு வெளிவந்த எலியின் குடலாராய்ச்சி இதற்குத் துணைநின்றது. தம் பெயரை நிலைநாட்டிய முடிபையே முழுமையன்றெனக் கொண்டு, அதற்கப்பாலும் தேடிச்சென்றமை அவர்பால் நாம் காணும் மற்றொரு சிறப்பு.

மாணவர்க்குரிய பாடம்

நோயாளி தானே ஆராய்ச்சியாளனாதல் நன்றோ என்று வினவுவாருண்டு. தன் உயிர்க்கு விடைதேடுவோன், தான் விரும்பும் விடையையே காண்பானென்னும் அச்சம் நியாயமானதே. இதற்கு மறுமொழி அவர் கையாண்ட முறையிலே உள்ளது. மின்னழுத்தம் காட்டும் கருவிக்குத் தன் முன்னுள்ள தோல் யாருடையதென்பது தெரியாது. அதனை வைத்திருப்பவனுடைய ஆசையும் அச்சமும் தெரியா. தம்முடம்பையும் பிற பொருள்களைப் போலவே அளவுக்குட்படுத்தியவர் அவர். பல்லாண்டு இருமியும் அவ்விருமல் நோயின் காரணத்தை அவருக்குச் சொல்லவில்லை. துன்புறுதல் வேறு, அறிதல் வேறு. துன்பம் அவருக்குத் தந்தது விடையன்று. வினாவை விட்டு விலகாத உறுதியே.

வேறொன்றும் கருதத்தக்கது. கொல்லும் உறுப்பைவிட்டுக் கொல்லாத உறுப்பை ஆராய்வானை உலகம் நகைக்கக்கூடும். பயன் உடனே காணப்படாத கல்வியைப் பயில்வோரை நோக்கியும் அவ்வாறே உலகம் வினவுகின்றது. நம் கல்லூரியில் எத்துறையிற் பயில்வோரும் இதனை ஒருகாற் கேட்டிருப்பர். கேடு பெரிதாயிருக்குமிடத்தில் விடை கிடைக்குமென்பது நியதியன்று. விடை தெளிவாய்க் கிடைக்குமிடம் எதுவென ஆராய்ந்து, அங்கே வினாவை வைத்தலே அறிஞர் செயல். 1983-இல் வெளியான இரண்டு பக்கங்கள் அன்று ஒரு நோயாளியின் இருமலையும் தணிக்கவில்லை. 29 ஆண்டுகள் கழித்து வந்த மருந்துக்கோ, அது திறக்கவேண்டிய கதவு எதுவென்பதை அவையே அடையாளங் காட்டியிருந்தன. நோயின் காரணத்தைத் தேடும் இடைப்படியில் நிற்போர் இன்றும் பலருளர். அவர்தம் கைகளில் மருந்தில்லையே யென்று இகழாது, அவர் கேட்கும் வினாவின் தகுதியை அறிந்து போற்றும் பயிற்சியை நாம் பெறுவோமாக.